பதினெட்டு விநாடிக் கலைவாணி

கன்னிகாவின் கல்யாண டிவிடியைப் போட்டால் திரையில் முதலில் வருவது கலைவாணிதான். மஞ்சள் பூசிய முகத்தோடு மணையில் உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் பார்ப்பாள், என்னவோ சொல்வாள், கையை நீட்டிக் காட்டுவாள், சிரிப்பாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசெப்ஷன் என்று நான்கு பட்டன்கள். மேலே ஒரு சிவப்பு இதயம், அதற்குள் 'ஆதிநாராயணன் வெட்ஸ் கலைவாணி'. பதினெட்டு விநாடியில் எல்லாம் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து திரும்பிப் பார்ப்பாள். ரிமோட்டில் யாராவது ஒரு பட்டனை அழுத்துகிற வரைக்கும் அவளுக்கு ஓய்வு கிடையாது.

கலைவாணி, ஆதிநாராயணனின் முதல் மனைவி. கன்னிகா அந்த வீட்டுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனவள். செத்தவள் எப்படி அடுத்தவள் கல்யாண டிவிடியில் வந்து உட்கார்ந்தாள் என்று கேட்டால், பேயுமில்லை பிசாசுமில்லை, எல்லாம் உமாபதி செய்த வேலை.

உமாபதி அப்போது புத்தலப்பட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தான். இரண்டு கல்யாணத்தையும் எடுத்தவன் அவன்தான். கம்ப்யூட்டரில் கல்யாணங்களை மாப்பிள்ளை பெயரைப் போட்டுத்தான் சேர்த்துவைப்பான். ஒருத்தன் ஒரு தடவைதான் மாப்பிள்ளை ஆவான் என்று நினைத்திருக்கிறான், பாவம். முகூர்த்த சீசனில் கண்ணில் எரிச்சலோடு உட்கார்ந்து ஆதிநாராயணன் என்று தேடினான். நான்கு வருஷத்துக்கு முந்தைய மெனு, டிவிடியில் முதலில் வருகிற அந்தப் பட்டன் படம், வந்து நின்றது. யோசிக்காமல் புதுப் படத்தை அதன் பின்னால் சேர்த்து, டிவிடி எழுதிக் கொடுத்துவிட்டான்.

சொந்தபந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்த பகல் கன்னிகாவுக்கு இன்னும் மறக்கவில்லை. மாமியார் லட்சுமம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சரிந்துவிட்டாள். ஆதிநாராயணன் எழுந்து வெளியே போனான். ரிமோட் யார் கையில் இருந்ததோ, அவருக்கும் கை ஓடவில்லை. கலைவாணி திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். புதுப்பெண் கன்னிகா அத்தனை பேர் நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மூத்தவள் தன் இடத்தைக் கேட்டு வந்துவிட்டாள் என்று லட்சுமம்மா முடிவு கட்டினாள். உமாபதி ஓடிவந்து தப்பு தன்னுடையது, மெனுவை மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சியும் பலிக்கவில்லை. வந்தவளைத் துரத்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சித்தூர் ஆசாரியிடம் ஒரு சின்னப் பொன் பொட்டு செய்யச் சொல்லி, மூத்தவள் பெயரைச் சொல்லிக் கன்னிகாவின் தாலிச் சரட்டிலேயே கோத்தாள். இரண்டாந்தாரமாக வருகிறவள் செத்தவளுக்கென்று ஒரு பொட்டைக் கழுத்தில் சுமப்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் நடந்த தப்புக்காக அதைச் சுமந்தவள் கன்னிகா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த டிவிடி டிரங்குப் பெட்டிக்குள் அடியில் போனது. பிறகு யாரும் அதை வெளியே எடுக்கவில்லை.

வீட்டில் இன்னொரு டிவிடியும் இருந்தது. அது கலைவாணியின் கல்யாணம், அசல். வந்த முதல் வருஷம், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், கன்னிகா கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். இரண்டரை மணி நேரம். அடுப்பில் வைத்த சாறு சுண்டிக் கருகியதுகூட மூக்கில் ஏறவில்லை. பார்த்து முடித்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

அந்த வாரம் கிணற்றுக் கொல்லையில் வேர்க்கடலை விதைத்திருந்தார்கள். காக்காயும் மைனாவும் முளையைக் கிளறித் தின்றுவிடும் என்று, விதைத்த கையோடு பழைய சிடிகளைக் கயிற்றில் கோத்துக் குச்சி நட்டுக் கட்டிவிடுவார்கள். வெயிலில் அவை சுற்றிச் சுற்றி மின்னினால் பறவைகள் கிட்டே வராது. கட்டுவதற்குப் பழைய பாட்டு சிடிகளை ஒரு கூடையில் போட்டு எடுத்துப்போன கன்னிகா, கூடையில் கலைவாணியையும் போட்டு எடுத்துப்போனாள். தெரிந்தேதான் போட்டாள். இதை எப்படிச் சொன்னாலும் நல்லபடியாகச் சொல்ல முடியாது.

மழையிலும் வெயிலிலும் அது இரண்டு போகம் தொங்கியது. நான்கு வயதுச் சந்தியா, கலைவாணி விட்டுப்போன பெண், அந்தக் கொல்லையில்தான் விளையாடுவாள். சிடிகள் சுற்றும்போது மண்ணில் ஓடுகிற வானவில் வெளிச்சத்தைப் பிடிக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுவாள். கைக்குள் வந்ததும் மூடிக்கொண்டு வந்து கன்னிகாவிடம் திறந்து காட்டுவாள். உள்ளே ஒன்றும் இருக்காது. கன்னிகா அப்போதே அதை அவிழ்த்திருக்கலாம். களை எடுக்கிறேன், தண்ணீர் கட்டுகிறேன் என்று நாளைக் கடத்தினாள். மனசு இளகி அவிழ்த்தபோது சாயமெல்லாம் உரிந்து வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. பிளேயர் அதை உள்ளே வாங்கி, கொஞ்சம் உறுமி, வெளியே துப்பிவிட்டது.

அதற்குப் பிறகு கன்னிகா வேறு பிள்ளை பெறவில்லை. இரண்டு தடவை தரித்து இரண்டும் நிற்கவில்லை. சந்தியாவுக்கு அவள்தான் அம்மா. சுவரில் மாலை போட்ட படத்தில் இருந்தவளைப் 'போட்டோம்மா' என்று சந்தியா கூப்பிட்டாள். அப்படியே பதினெட்டு வயது ஆகிவிட்டது.

இந்த ஆனியில் சந்தியாவுக்குத் திருப்பதியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் மாங்காய் அறுப்பு. ஆதிநாராயணன் டிராக்டரில் மாங்காயை ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபாக்டரி வாசலில் இரண்டு நாள் மூன்று நாள் என்று வரிசையில் கிடப்பான். கன்னிகா காலையில் மாடு கறந்து, தோப்பில் காய் பொறுக்கி, காம்பு ஒடித்து, காம்புப் பால் பட்டு வெந்த கையோடு வந்து களி கிண்டுவாள். புழுக்கம் தாங்காது, தூறல் போட்டாலும் மண்ணிலிருந்து ஆவிதான் எழும்பும். வரிசை விட்டு ஆதிநாராயணன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள், களியும் கீரை மசியலுமாக மூவரும் உட்கார்ந்திருந்தபோது சந்தியா கேட்டாள்.

"நைனா, போட்டோம்மா கல்யாண டிவிடி ஒண்ணு கீதுன்னு சொன்னியே, அது எங்க?"

எதற்கு இப்போது என்று ஆதிநாராயணன் கேட்டான். சந்தியா களியில் குழி பண்ணிக்கொண்டே சொன்னாள்.

"போட்டோவுல எப்பப் பாத்தாலும் ஒரே மாரி பாத்துக்கினு கீறாங்க. அவுங்க நடந்து நான் பாத்தது இல்ல. கொரலு எப்பிடி இருக்கும்னு தெரியல. ஹாஸ்டலுக்குப் போறதுக்குள்ள ஒரு தாட்டி கேக்கணும். அவ்ளோதான்."

ஆதிநாராயணன் தட்டை ஒதுக்கி வைத்தான். தேடாத இடமில்லை என்றான். ஒன்று கலைவாணியின் அப்பா கருப்பன் வீட்டில் இருந்தது. அவர் செத்து வீடு விழுந்தபோது அது போய்விட்டது. இங்கே இருந்ததை, சாமான் ஒழிக்கும்போது லட்சுமம்மா எங்கேயோ போட்டுவிட்டாள். செத்துப்போனவளைப் போய் எப்படிக் கேட்பது என்றான். அவன் அதை நிஜமாகவே நம்பினான். ஏனென்றால் பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் தேடியபோது, அத்தைதான் எங்கேயாவது போட்டிருப்பாங்க என்று சொன்னவள் கன்னிகா. அப்போது லட்சுமம்மா செத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கன்னிகாவுக்கு இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து தன் கல்யாண டிவிடியை எடுத்து, முந்தானையால் துடைத்து வைத்தாள்.

ஹாஸ்டலில் சேர்க்கிற நாளிலும் ஆதிநாராயணன் ஃபாக்டரி வரிசையில் மாட்டிக்கொண்டான். அம்மாவும் பெண்ணும் பெட்டி, பக்கெட், படுக்கையோடு புத்தலப்பட்டில் பஸ் ஏறினார்கள். உமாபதி இப்போது திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் கடை வைத்திருந்தான். பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், பழைய கேசட், டிவிடிகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருவது என்று பிழைப்பு ஓடியது. தலை முழுக்க நரைத்திருந்தது. கன்னிகாவை அடையாளம் தெரிந்ததும் அவன் முகம் கறுத்துவிட்டது. அந்தப் பழைய தப்பு அவனுக்கும் மறக்கவில்லை.

டிவிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஓரமெல்லாம் பால் படிந்த மாதிரி வெளுத்திருந்தது. எழுதும்போது உள்வட்டத்திலிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகும், கெட்டுப்போவது ஓரத்திலிருந்து வரும் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினான். அந்தக் கல்யாணத்தையும் எடுத்தவன் அவன்தான் என்று தெரிந்ததும், கலைவாணியின் கல்யாணம் எடுத்த கேசட் இருக்கிறதா என்று சந்தியா கேட்டாள். ஒரு கேசட்டின் மேலேயே அடுத்த கல்யாணத்தையும் எடுத்துவிடுவார்கள், அது எத்தனை கல்யாணத்துக்கு அடியில் போயிற்றோ, பழைய கம்ப்யூட்டரும் எப்போதோ கெட்டுப்போயிற்று என்றான். பிறகு இருவரையும் ஸ்டூலில் உட்காரவைத்து, டீ வாங்கிவரப் போனான். கம்ப்யூட்டர் அதன்பாட்டுக்கு டிவிடியை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பென்டிரைவைக் கையில் கொடுத்தான்.

"சுத்தமா எடுத்துட்டேன்மா. நடுவுல வர்ற எங்க ஸ்டுடியோ விளம்பரம், கடேசில வர்ற நன்றி கார்டு, மெனு, எல்லாம் வேணாத சமாச்சாரம். போன்ல பாக்கறவங்களுக்கு மெனு எதுக்கு? நேரா ஒங்க கல்யாணத்துலயே ஆரம்பிக்கும். ரிசெப்ஷன்தான் பாதியில நின்னுச்சி."

"மெனுவ எடுத்துட்டியா அண்ணா?" என்றாள் கன்னிகா.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். தப்பு தன்னுடையது என்பதால் எடுத்தேன் என்றான். வேண்டுமென்றால் அதே மாதிரி புது மெனு செய்து, கலைவாணி இருக்கிற இடத்தில் கன்னிகாவின் முகத்தைப் போட்டு, பெயரையும் மாற்றித் தருகிறேன், பதினைந்து வருஷத்துத் தப்பு இன்றைக்குச் சரியாகட்டும், காசு வேண்டாம் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

கன்னிகா தலையை ஆட்டினாள். "மெனு ஒண்டிதான் வேணும். மீதி எல்லாத்தயும் எடுத்துடு."

"மீதி ஒங்க கல்யாணம்மா."

"தெரியுது. அது இந்தப் பொண்ணுக்கு எதுக்கு? மெனுவ வெச்சிக்கினு மத்தத அழிச்சிடு."

சந்தியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா ஏதோ பழைய கல்யாண சிடியைக் காப்பி எடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். உமாபதி திரையை அவள் பக்கம் திருப்பினான். நாதஸ்வரம் ஒலித்தது. மஞ்சள் முகத்தோடு கலைவாணி திரும்பினாள், பேசினாள், கையை நீட்டினாள், சிரித்தாள்.

சந்தியா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனாள். மூன்றாம் தடவை ஓடும்போது அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது. கலைவாணி சிரிக்கும்போது முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும். சந்தியாவுக்கும் அதே பல்தான். அவள் தன் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டதைக் கன்னிகா பார்த்தாள்.

"சத்தத்த வையிண்ணா. இன்னா சொல்றாங்க?"

பேச்சுச் சத்தம் இல்லை என்றான் உமாபதி. மெனுவுக்கு நாதஸ்வரம் போடும்போது பேச்சை எடுத்துவிடுவார்கள். அசல் டிவிடியில் அந்த இடம் பேச்சோடு இருந்திருக்கும். அது இருந்தால் கேட்கலாம். என்ன பேசினாள் என்று அவனுக்கு நினைவில்லை. ஆயிரம் கல்யாணம் எடுத்துவிட்டான்.

"அதத்தான் எங்க ஆயா தூக்கிப் போட்டுட்டாங்களே," என்றாள் சந்தியா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கலைவாணியின் உதட்டைப் பார்த்துக்கொண்டே தானும் உதட்டை அசைத்து, என்ன வார்த்தையாக இருக்கும் என்று தேடினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை.

கன்னிகா கழுத்துச் சரட்டில் இருந்த சின்னப் பொட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த நலங்கில் மாப்பிள்ளை இருக்கவில்லை, உலகத்தில் அந்த வார்த்தை தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான். சொல்லாமல் இருந்துவிட்டால் பெண் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே ஹாஸ்டலுக்குப் போவாள். செத்துப்போன லட்சுமம்மா பழியைச் சுமப்பாள். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் பெண்ணின் உதடு அங்கே தவித்துக்கொண்டிருந்தது.

"கேமராகாரங்கிட்ட பேசறா," என்றாள் கன்னிகா. "'இன்னா, என்னையே புடிச்சிக்கினு கீற? அங்க எங்க நைனா ஒண்டியா நின்னுக்கினு கீறாரு பாரு. அவர ஒரு தாட்டி புடி.' அப்பிடி சொல்லித்தான் கைய நீட்டறா."

திரையில் கலைவாணி திரும்பினாள். வார்த்தையும் உதடும் ஒன்றாகப் பொருந்தின. கையும் சரியான இடத்தில் நீண்டது. உமாபதி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

சந்தியா மெதுவாகத் திரும்பினாள். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த டிவிடிய நான் பாத்துக்கீறேன். பூராப் பாத்தேன். பாத்துட்டு நான்தான் கொல்லையில கட்டுனேன். ஒங்க ஆயா இல்ல."

"எந்தக் கொல்லையில?"

"கெணத்தாண்ட. காக்கா வராம இருக்க, சிடிங்களோட சிடியா."

 சந்தில் ஆட்டோக்கள் சத்தம் போட்டன. யாரோ ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து, உள்ளே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"மண்ணுல வெளிச்சம் ஓடுமே," என்றாள் கடைசியில். "அதப் புடிக்க நான் ஓடிக்கினே இருப்பேன். அது அவுங்களா?"

கன்னிகா ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள். சந்தியா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். கன்னிகா தோளைத் தொடக் கையை நீட்டினாள். அந்தத் தோள் விலகிக்கொண்டது. பதினைந்து வருஷத்தில் முதல்முறை.

அழுது ஓய்ந்தபின் சந்தியாவே கேட்டாள். "அப்பால? தாத்தாவ புடிச்சாரா?"

"புடிச்சாரு. ஒங்க தாத்தா மேல்துண்ட எடுத்து ஒதறி, மறுபடியும் தோள்ல போட்டுக்கினாரு. கேமராவ அவரு பாக்கல. இவளத்தான் பாத்தாரு."

"அவுங்க கொரலு?"

"கொஞ்சம் கம்மினாப்பல இருக்கும். கத்திக் கத்தித் தொண்ட கட்டுன மாரி."

உமாபதி தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். கன்னிகா அந்த வார்த்தையை மைக்கில் சொன்னால், உதட்டோடு பொருத்தி ஏற்றிவிடலாம். நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு அதை வைக்கலாம். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கன்னிகா மைக்கைப் பார்த்தாள். பெண் சரி என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்ல அவள் தயாராக இருந்தாள்.

"வேணாம்," என்றாள் சந்தியா. "பாட்ட ஒண்டி எடுத்துடுங்கண்ணா. சத்தமில்லாமயே இருக்கட்டும்."

எழுத்தும் இதயமும் படத்தோடு ஒட்டிக்கொண்டவை, அவற்றை எடுக்க வராது என்று உமாபதி சொன்னான். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அவன் பாட்டை எடுத்தான், கன்னிகாவின் கல்யாணத்தை எடுத்தான், மிச்சமிருந்த பதினெட்டு விநாடியைச் சந்தியாவின் போனில் ஏற்றினான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

ஹாஸ்டல் அலிபிரி போகிற ரோட்டில் இருந்தது.  அறையில் கன்னிகா படுக்கையை விரித்து, பக்கெட்டைக் கழுவி வைத்து, வேர்க்கடலை உருண்டை டப்பாவை அலமாரியில் வைத்தாள். செய்வதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. சந்தியா கேட் வரைக்கும் வந்தாள். போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம வா," என்றாள். கன்னிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "வந்து மீதிய சொல்லு. ரெண்டர மணி நேரம் பாத்தல்ல? மொதல்லருந்து சொல்லு. யாரு யாரு வந்தாங்க, அவுங்க எப்பிடி நடந்தாங்க, இன்னா பேசினாங்க, ஒண்ணு வுடாம சொல்லு. நைனாவ கேட்டா ஒண்ணும் ஞாபகமில்லன்றாரு. ஒன்ன வுட்டா எனக்கு யாரு சொல்லுவாங்க?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்தனைக்கும் நடுவில் ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிடவில்லை.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கன்னிகா கண்ணை மூடி, கதவைத் தாழ் போட்ட அந்த மத்தியானத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். முதலில் என்ன வந்தது? முகூர்த்தப் புடவை வந்தது. அரக்கு, கரை நாலு விரல் அகலம், உள்ளே மயில். அது நன்றாக நினைவிருந்தது. கைக்கு எட்டு வளையல். ஒட்டியாணம். தாலி கட்டும்போது ஆதிநாராயணன் சிரித்த சிரிப்பு. தனக்குக் கட்டும்போது அவன் அப்படிச் சிரிக்கவில்லை. அப்புறம் கலைவாணி தன் அப்பாவைப் படம் பிடிக்கச் சொன்னது. அதைக் கேட்டபோதுதான் கன்னிகாவுக்கு உள்ளே எதுவோ அறுந்தது. கன்னிகாவின் கல்யாணத்தில் அவள் அப்பா பந்தலுக்கு வெளியே எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடி என்று சொல்லத் தனக்கு வாய் வரவில்லையே என்ற வயிற்றெரிச்சல்தான் அந்த டிவிடியைக் கொல்லைக்குக் கொண்டுபோனது. இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

சந்திரகிரி தாண்டும்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கலைவாணி எப்படி நடந்தாள்? தெரியவில்லை. நடக்கும்போது அவள் கழுத்து நகையைத்தான் கன்னிகா பார்த்திருக்கிறாள். பக்கத்தில் யார் நின்றார்கள்? அவர்கள் கொடுத்த சீர்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. என்ன பேசினாள்? அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் அவள் காதில் வாங்கவில்லை. இத்தனை நாள் ஒரு முழுக் கல்யாணத்தை மனசுக்குள் பூட்டி வைத்திருப்பதாக நினைத்திருந்தாள். திறந்து பார்த்தால் புடவையும் வளையலும் புருஷன் சிரிப்பும்தான் இருந்தன.

மறுபடியும் ஒரு தடவை தேடினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கல்யாணம் இரண்டரை மணி நேரம். புத்தலப்பட்டு வருவதற்குள் அவளிடம் இருந்தது தீர்ந்துவிட்டது.